துப்பாதே, சரோஜா

அன்புள்ள சரோஜாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் அண்ணனும் நலம்தானே?

மாசியில் வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நேற்று உன் மகள் போனில், "அம்மாவுக்கு வியாழக்கிழமை கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கப்போறாங்க அத்தை" என்று சொன்ன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கும் கீழ்க் கடைவாய்ப் பல்தான் எடுத்தார்கள், அதுவும் உன்னைப் போலவே இடது பக்கம். இன்றோடு 22 நாள் ஆகிறது. அதில் ஐந்தாறு நாள் நான் பட்டது உனக்கு வர வேண்டாம். போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படி.

பல் எடுத்ததில் ஒரு கஷ்டமும் இல்லை. அதற்குப் பயப்படாதே. மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். அப்புறம் யாரோ தாடையைப் பிடித்து அழுத்துவது போல இருக்கும், வலி இருக்காது. இருபது நிமிடத்தில் இரண்டு வேரோடு பல்லை எடுத்துக் கிண்ணத்தில் 'டொக்' என்று போட்டார்கள். குழியில் பஞ்சை மடித்து வைத்து, "முக்கால் மணி நேரம் நல்லா கடிச்சுக்கங்கம்மா, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, துப்பாதீங்க" என்றார் டாக்டர். ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறுவதற்குள் வாயெல்லாம் உப்புக் கரிப்பு. உனக்குத் தெரியுமே, ரத்தத்தை விழுங்கக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? விரல் வெட்டுப்பட்டு வாயில் வைத்தால்கூடப் பாட்டி கையைத் தட்டிவிடுவாள். பஞ்சை எடுத்துப் பார்த்தேன், சிவப்பு. துப்பினேன். வீட்டுக்கு வந்து வாஷ் பேசினில் துப்பினேன். துப்பத் துப்ப ஊறியது. ராத்திரி படுக்கும்வரை இருபது தடவையாவது இருக்கும். போதாததற்கு, சாப்பிட்ட வாயைக் கொப்பளிக்காமல் இருக்க முடியுமா நமக்கு? கஞ்சி குடித்துவிட்டு வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக் 'கொளகொள'வென்று கொப்பளித்தேன். எவ்வளவு நல்ல பழக்கம் அது! அந்த ஒரு நாள் மட்டும் அதுவேதான் கெடுதல்.

ரத்தம் அவ்வளவு ஒன்றும் வரவில்லை என்று பிறகுதான் புரிந்தது. எச்சிலில் இரண்டு சொட்டு கலந்தாலே வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். முதல் நாள் முழுக்க எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சாதாரணம். அதை மெதுவாக விழுங்கிவிடலாம், ஒன்றும் ஆகாது.

இரண்டாம் நாள் நன்றாகவே இருந்தேன். கோயிலுக்குக்கூடப் போய்வந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கியது. தாடையில் ஆரம்பித்துக் காதுக்குள் போய், நெற்றிப் பொட்டு வரை இழுத்தது. பல் இருந்தபோது வலித்ததைவிட அதிகம். வாயில் ஒரு கெட்ட நாற்றம் வேறு. பாராசிட்டமால் போட்டும் அசையவில்லை. விடியும்வரை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மாமி சொன்னாள் என்று காலையில் கிராம்பைப் பொடித்து அந்தக் குழியில் அடைத்தேன். அது இன்னொரு தப்பு. இன்னும் ஒரு நாளைத் தாட்டிவிட்டு, ஐந்தாம் நாள் டாக்டரிடம் போனேன்.

அவர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் வைத்து, என் கையில் இன்னொரு கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினார். குழிக்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் உறைந்து நிற்க வேண்டுமாம். என் குழி காலியாக இருந்தது. அடியில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. "அதுதாம்மா உங்க தாடை எலும்பு" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

இதற்கு ட்ரை சாக்கெட் என்று பெயர். பல்லைப் பிடுங்கியதும் அந்தக் குழியில் ரத்தம் நிறைந்து உறைகிறதே, அந்தக் கட்டிதான் எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளரும். அது பெயர்ந்துபோனால் காற்றும் தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் நேராக எலும்பில் படும். பெரும்பாலும் கீழ்க் கடைவாயில்தான் இது வருமாம். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

நீ தயிருக்கு உறை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தை எப்படி வைப்பாய்? ஹாஸ்டலில் நான் ஒரு தடவை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததற்கே, "அசைக்காதேடி, நீர்த்துப்போகும்" என்று கத்தினாயே! அதேதான் இதுவும். வியாழக்கிழமை உன் வாய்க்குள் ஒரு கிண்ணம் தயிர் உறைகிறது என்று நினைத்துக்கொள். ஒரு நாள் முழுக்க அதை அசைக்காதே.

அப்படியென்றால் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. அந்த உறிஞ்சலே கட்டியை இழுத்து எடுத்துவிடும். இளநீர் குடித்தால் டம்ளரில் ஊற்றிக் குடி. நாக்கு அங்கேயே போகும், அதைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய பாடு. சூடான காபி அன்றைக்குக் கிடையாது. ஆற வைத்துக் குடி. உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். அது தெளிவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தால் உன் கன்னத்தை நீயே கடித்துக்கொள்வாய், தெரியவும் தெரியாது. நம் வீடுகளில் வலி என்றால் உடனே ஒத்தடம்தானே? முதல் நாள் சுடுஒத்தடம் வேண்டவே வேண்டாம், ரத்தமும் வீக்கமும் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி வெளிக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வை, எடு, மறுபடி வை. ராத்திரி தலையணை இரண்டாக வைத்துப் படு.

மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும். அப்போதும் கொப்பளிக்காதே. வாயில் வைத்துத் தலையை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துவிட்டு, பேசின் மேல் குனிந்து வாயைத் திற. தண்ணீர் தானாக விழும். இதை எனக்கு அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் பெண் செய்தே காட்டினாள். பாவம், சின்னப் பெண், எவ்வளவு பொறுமை! மற்ற பற்களை வழக்கம்போல் தேய்க்க வேண்டும், குழிப் பக்கம் மட்டும் பிரஷ் போகக் கூடாது.

சாப்பாட்டுக்கு உனக்கென்ன, உங்கள் ஊரில் ஏத்தன்பழம் இருக்கிறது. நன்றாக அவித்து, ஆற வைத்து, நாரை எடுத்துவிட்டு மசித்துச் சாப்பிடு. இரண்டு நாளைக்கு அதுவும், குழைத்த தயிர் சாதமும் போதும். சர்க்கரையைப் பார்த்துக்கொள், பழத்தை அளவோடு சாப்பிடு. போகும் முன்பே சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து டாக்டரிடம் சொல்லிவிடு. ஏறிக் கிடந்தால் புண் ஆற நாளாகும். நேந்திரங்காய் சிப்ஸ் டப்பாவை உன் மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. உன்னை நம்ப மாட்டேன். கணக்கு டீச்சர் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் முறுக்கைச் சத்தம் வராமல் கடித்தவள்தானே நீ! அப்புறம் அந்த வெற்றிலைச் செல்லம். ஒரு சின்ன பாக்குத் துண்டு குழியில் போய் உட்கார்ந்தால் போதும். குழி மூடும்வரை தொடாதே. அதோடு விட்டுத் தொலைத்தால் இன்னும் சந்தோஷம். இதை முப்பது வருஷமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாயே, அதைப் பல் டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியே ஆக வேண்டும். அந்த மாதிரி மருந்துகள் சிலருக்குத் தாடை எலும்பு ஆறுவதைத் தடுத்துவிடும். மருந்துச் சீட்டை அப்படியே எடுத்துப் போ.

இப்போது உன் கடிதத்தில் ஒரு வரி. "இவருக்கும் மேல் பல் ஒன்று ஆடுகிறது, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நாலு நாள் நிறுத்திவிட்டு எடுத்துவிடலாம் என்கிறார்." சரோஜா, அன்றைக்கே இதற்கு நான் பதில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இருக்கிறது. அண்ணனுக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்திருக்கிறது. அவராக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பல் குழியில் ரத்தம் வந்தால் பஞ்சை வைத்து அழுத்தலாம், தையல் போடலாம், மருந்து வைக்கலாம். நெஞ்சுக்குள் அடைத்தால் எதை வைத்து அழுத்துவாய்? பல பேருக்கு மாத்திரையை நிறுத்தாமலேயே பல் எடுக்கிறார்கள். இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும், அண்ணன் செய்ய வேண்டாம். நான் சொன்னேன் என்று சொல். கோபித்துக்கொண்டால் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

என் கதைக்கு வருகிறேன். குழியை சலைன் விட்டுக் கழுவி, கிராம்பு எண்ணெய் வாசம் வருகிற ஒரு மருந்தைத் துணியில் தோய்த்து உள்ளே வைத்தார். வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் வலி பாதியாகிவிட்டது. அன்றைக்கு ஆட்டோவிலேயே தூங்கிவிட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மூன்று தடவை மாற்றினார். அவர் வைத்தது அளவாக, சுத்தமாக வைத்த மருந்து. நான் அடைத்த கிராம்புப் பொடியைக் கழுவி எடுக்கவே அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. இப்போது ஈறு கூடிவந்துவிட்டது, நாக்கால் தொட்டால் ஒரு சின்னப் பள்ளம்தான். உள்ளே எலும்பு நிறைய இன்னும் சில மாதம் ஆகுமாம்.

பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, என்னைப் போல ஊஞ்சலில் உட்கார்ந்திருக்காதே. உடனே போ. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் பல் டாக்டரைத் தேடாதே, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.

ஒரு வருத்தம் மட்டும் போகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்தச் சொத்தைக்கு ரூட் கெனால் செய்திருந்தால் பல் தங்கியிருக்கும். பேத்தி பரீட்சை, வீட்டு வேலை என்று தள்ளிப்போட்டேன். இப்போது அந்தப் பக்கம் மெல்ல ஆளில்லை. பல்லை ஒரு சின்ன கவரில் போட்டுக் கொடுத்தார்கள், அலமாரியில் இருக்கிறது. சாணியில் உருட்டி உங்கள் ஓட்டுக் கூரையில் எறிந்தோமே, அந்தப் பல் எல்லாம் முளைத்தது. இது முளைக்காது.

சித்திரைத் தேருக்கு வருகிறாய்தானே? மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் எனக்கு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம், வாயில் பஞ்சு இருக்கும். நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
ராஜி
ஸ்ரீரங்கம்