நீல அட்டை

ஆடுதுறை,
ஆடி 22.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். வீரசோழன் ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. பதினெட்டாம் பெருக்குக்கு அம்மா படித்துறையில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டு, உனக்கும் சேர்த்து மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறாள். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகிறது.

போன வாரம் போனில் பேசும்போது, "காலி கட்டத்தை நிரப்பி நிரப்பிக் கை வலிக்குதுப்பா. இதையெல்லாம் யார் படிக்கப் போறாங்கன்னே தெரியல" என்றாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. ஐரோப்பாவில் படிப்பையும் தொழில் தகுதியையும் பற்றி நீ நிரப்புகிற அந்தப் படிவம் ஏன் வந்தது என்று நீ அனுப்பியிருந்த காகிதங்களை எடுத்து மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

உதவி விதை அலுவலராக நான் எத்தனை வருஷம் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ விதை டிப்போவுக்கு வந்து மூட்டைகள் மேல் ஏறி விளையாடுவாய். மூட்டை வாயில் சேர்த்துத் தைத்த நீல அட்டையைப் பிய்க்கப் போனாய் என்று ஒரு நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன். அந்த அட்டையில் என்ன இருக்கும்? ரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், புறத்தூய்மை, சோதனை செய்த தேதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது. உள்ளங்கை அகல அட்டை. நெல்லுக்கு முளைப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புறத்தூய்மை 98. அந்த 80 என்ற எண்ணை எழுதுவதற்கு ஆய்வகத்தில் 400 விதையை எண்ணி வைத்து முளைக்கவிட்டுப் பார்ப்பார்கள். ஒன்பது மாதம் போனால் மறுபடி சோதிக்காமல் விற்கக் கூடாது.

அட்டை இல்லாத மூட்டையை நம்பி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். வெளியே ஒரு கடையில் குறுவைக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். 105 நாளில் அறுக்கலாம் என்று விதைத்தார். பக்கத்து வயலெல்லாம் கதிர் முற்றிச் சாய்ந்தபோது அவருடையது பச்சைப் பசேலென்று புல் மாதிரி நிற்கிறது. அது 155 நாள் நெல். ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டு, ஆறு மா நிலத்தில் அந்த வருஷம் வீட்டுக்கு நெல்லே வரவில்லை. விதை கெட்ட விதை இல்லை பாப்பா. நல்ல விதைதான். என்ன விதை என்று எழுதாமல் வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நாம் பொன்மணி என்று சொல்லும் நெல் கட்டாக்கில் உருவானது. ஒரிசாவில் அதற்குப் பெயர் சாவித்திரி. பொன்மணி வேண்டுமென்று அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. சி.ஆர். 1009 என்று சொன்னால் இரண்டு ஊரிலும் அதே மூட்டையை எடுத்துத் தருவார்கள். நீ பாடப்பிரிவுக்கு எண், நாட்டுக்குக் குறியீடு, மொழிக்குக் குறியீடு என்று போட்டுப் போட்டு அலுத்துப்போனாயே, அதுவும் இந்த வேலைதானே? ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 24 ஆட்சி மொழிகள். ஒரே வெல்டிங் படிப்பு 24 பெயரில் இருந்தால் யாரால் தேட முடியும்?

நான் படித்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. நீ இருக்கிற லிஸ்பனிலேயே 1997 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கை போட்டிருக்கிறார்கள். வேறு நாட்டில் வாங்கிய தகுதியை ஏற்க மறுத்தால், கணிசமான வேறுபாடு இருக்கிறது என்று மறுப்பவர்தான் காட்ட வேண்டும். இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். வந்து நிற்கிறவன் தலையில் பாரத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் கல்வி முறையைப் பற்றிய தகவலை மற்றவருக்குத் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அது உயர்கல்விக்கு மட்டும்தான். பட்டறையில் தொழில் கற்றவனுக்கு அது போதவில்லை. 2008இல் எட்டுப் படிகள் வைத்து ஐரோப்பியத் தகுதிக் கட்டமைப்பு வந்தபோதுதான் பல்கலைக்கழகமும் பட்டறையும் ஒரே ஏணியில் ஏறின. எத்தனை வருஷம் எங்கே படித்தாய் என்பதை விட்டுவிட்டு, படித்து முடித்தவனுக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும், எவ்வளவு பொறுப்பைத் தானாக எடுத்துக்கொள்வான் என்று மூன்று கேள்வி. ஜெர்மனியில் தொழிலில் மைஸ்டர், அதாவது தேர்ந்த தொழிலாளி என்ற பட்டம் வாங்கியவரும் இளங்கலை பட்டதாரியும் ஒரே 6ஆம் படியில் இருக்கிறார்கள் என்று படித்துவிட்டு உன் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நிஜமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

2017 மே மாதம் அந்தக் கட்டமைப்பைத் திருத்தியபோது, தகுதிகளைப் பற்றிய தகவலை எந்தெந்தக் கட்டங்களில் வெளியிட வேண்டும் என்று பின்னிணைப்பாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நீ நிரப்புவது அதைத்தான். படிப்பு, வேலை விவரங்களை ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி காட்டுகிற யூரோபாஸ் 2004இல் தொடங்கும்போது சுயவிவரம், துணைச் சான்று என்று தாள்கள்தான். 2018இல் முடிவெடுத்து 2020 ஜூலையில் புது இணைய மேடையாக மாற்றிய பிறகு, ஒவ்வொரு நாடும் தன் பதிவேட்டிலிருந்து அனுப்புவது அங்கே ஒரே இடத்தில் தெரிகிறது. தகவலுக்குப் பொறுப்பு அந்தந்த நாடு. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகத்துக்கு ஆடுதுறைதான் பதில் சொல்ல முடியும்.

நம் நாட்டிலும் 2013 டிசம்பரில் இப்படி ஒரு கட்டமைப்பு அறிவித்தார்கள். முதலில் பத்துப் படி, 2023இல் எட்டாகக் குறைத்தார்கள். பதிவேடும் இருக்கிறது. உன் சித்தப்பா காலத்தில் இதெல்லாம் ஒன்றும் இல்லை.

அவர் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் ஃபிட்டர் படித்தார். 1984இல் வளைகுடாவுக்குப் போனார். அப்போது கூத்தாநல்லூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வீட்டுக்கு ஒருவர் போய்க்கொண்டிருந்த காலம். சான்றிதழில் முத்திரை வாங்கச் சென்னைக்கு அலைந்தோம், டெல்லிக்கு ஆள் மூலம் அனுப்பினோம், பிறகு தூதரகம். அதற்கு ஆன செலவுக்கு உன் ஆத்தா வளையல் ஒன்று போனது. அங்கே போய் இறங்கியதும் கம்பெனியில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன படிப்பு, எங்கள் ஊரில் எதற்குச் சமம் என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டவருக்கும் தேடிப் பார்க்க இடமில்லை. ஹெல்பர் என்று எழுதிவிட்டார்கள். ஒன்பது வருஷம் ஹெல்பர் சம்பளம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போயிருந்தது, மெதுவாகப் பிரித்தோம். பின்பக்கம் முழுக்க முத்திரை. ஊதா, சிவப்பு, ஒன்றின்மேல் ஒன்று, கையெழுத்துமேல் கையெழுத்து. முன்பக்கம் அவர் பெயர், தொழில் பெயர், தேர்ச்சி, தேதி. அவ்வளவுதான். பின்னால் இருக்கும் அத்தனை முத்திரையும் முன்னால் இருக்கும் கையெழுத்து நிஜமானது என்றுதான் சொல்கிறதே தவிர, இந்த ஆளுக்கு என்ன வேலை தெரியும் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஒரே முத்திரையோடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கை 2005இல் இந்தியாவுக்கு நடைமுறைக்கு வந்த பிறகு, அதில் இருக்கிற பல நாடுகளுக்கு அந்த ஒன்றே போதும், அலைச்சல் குறைந்தது. ஆனால் அதுவும் கையெழுத்துக்குத்தான் சாட்சி.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. உன் படிவத்தின் கட்டங்களை ஒரு முழுத்தாளில் வரைந்து, திண்ணையில் அவரை உட்கார வைத்துக் கேட்டேன். "என்ன செய்ய வரும், சொல்லு." முதலில் கூச்சப்பட்டார். "என்னத்தண்ணே, எல்லாரும் செய்யறதுதான்" என்றார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வரைபடத்தைப் பார்த்து இரும்புத் துண்டில் குறியிடத் தெரியும். ஹேக்ஸாவால் அறுத்து, அரத்தால் ராவி நாலு பக்கமும் மூலைமட்டத்துக்குக் கொண்டுவரத் தெரியும். வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வரை படிக்கத் தெரியும். துளை போட்டு டேப் வைத்து மரை எடுக்கத் தெரியும். சமதளம் பார்க்க, தட்டில் நீலம் பூசி அதன்மேல் துண்டைத் தேய்த்து, நீலம் பட்ட மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, மறுபடி தேய்த்துப் பார்ப்பார்களாம். அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் காற்றில் சுரண்டின. நாற்பது வருஷம் ஆகிறது. இரண்டரை மணி நேரம் பேசினார். அம்மா இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள்.

இவ்வளவும் அந்தத் தாளில் இருந்திருந்தால் கட்டாயம் ஃபிட்டர் வேலை கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. படி எண் போட்டதாலேயே எந்த நாடும் யாரையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது எனக்குப் புரிகிறது. 2017இல் வந்ததும் பரிந்துரைதான், சட்டம் இல்லை. ஆனால் கேட்டவனுக்கு ஒரு பதில் கையில் இருந்திருக்கும். இவரும் வாய் மூடி நின்றிருக்க மாட்டார்.

அதனால் சொல்கிறேன் பாப்பா. உன் பட்டியலில் ஆறு கட்டம்தான் கட்டாயம்: பெயர், பாடப்பிரிவு, நாடு, படி, கற்றவருக்கு என்ன தெரியும் என்ற விவரிப்பு, வழங்கும் அமைப்பு. மற்றதெல்லாம் விருப்பம் இருந்தால் தரலாம் என்று போட்டிருக்கிறது. சேருவதற்கு என்ன வேண்டும், எந்தெந்த வழியில் இந்தத் தகுதியைப் பெறலாம், எந்த வேலைக்கு உதவும், எந்தத் தேதியோடு காலாவதி ஆகும், இதெல்லாம் அந்த விருப்பப் பகுதியில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் தூரத்தில் இருப்பவனுக்கு முதலில் வேண்டியவை இவைதான். உள்ளூர்க்காரன் கல்லூரி வாசலுக்குப் போய்க் கேட்டுக்கொள்வான். மன்னார்குடியில் உட்கார்ந்து தேடுகிற பையனுக்கு எழுதியிருப்பது மட்டும்தான் உண்டு. உங்கள் ஆட்களிடம் கேட்டு வாங்கி நிரப்பு. தராவிட்டால் இன்னொரு தடவை கேள்.

விவரிப்பு எழுதும் கட்டத்தில் "தொழில்நுட்ப அறிவு பெறுவார்" என்று ஒற்றை வரி வந்தால் அப்படியே விடாதே. அது அட்டையில் "நல்ல விதை" என்று எழுதுவது மாதிரி. எதை அளக்கத் தெரியும், எதைத் தானாகச் செய்வார், எதற்கு மேலாளைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கு.

படிப்பு வாய்ப்புகளின் பட்டியலில் நிறுத்திவிட்ட படிப்புகள் கிடக்கின்றன என்று சொன்னாயே, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அதை நம்பி ஒரு பிள்ளை வேலையை விட்டுவிட்டு மொழி படிக்க ஆரம்பித்திருக்கும். தேதி போன மூட்டையை நாங்கள் டிப்போவில் தனியாகச் சுவரோரம் அடுக்கி வைப்போம், கைதவறிக்கூட யாருக்கும் போய்விடக் கூடாது என்று. அது மாதிரி உங்களிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறதா? இல்லையென்றால் நீ சொல்லி ஆரம்பி.

சரி, உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இதோடு மூன்று படம் அனுப்புகிறேன். சித்தப்பாவின் சான்றிதழ் முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் திண்ணையில் எழுதிய தாள். என் கையெழுத்து புரியாத இடத்தில் கேள். அந்தத் தாளில் படி என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். எட்டில் எதில் போடலாம் என்று நீ பார்த்து எழுதி அனுப்பு. அவர் தினமும் சாயங்காலம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

அன்புடன்,
அப்பா