ஆண்டறிக்கை: இந்த ஆண்டு நாம் சார்ஜருக்குத் தனி மேசை போட்ட கதை

நம் மாடல் ரயில் சங்கத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் அதைத் தொடவில்லை. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, மழைக்காலத்தில் மட்டும் தோட்டத்துப் பாதையில் வண்டி ஓட்ட முடியாமல் உள்ளே உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்களிடம் அவர்கள் நீராவியைச் சிலிண்டருக்குள் அளந்து விடும் வால்வு கியரைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்பதைப் பார்க்கும்போது இந்தச் சங்கம் நம்மோடு முடிந்துவிடாது என்ற நம்பிக்கை வருகிறது.

பல நாளாக இழுத்துக்கொண்டிருந்த நீலகிரி மலை ரயில் எக்ஸ் வகுப்பு இன்ஜின் மாடல் ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. அசல் பாதையின் அகலம் 1000 மில்லிமீட்டர், நம் தோட்டத்துப் பாதை 45 மில்லிமீட்டர், ஆக 1-க்கு 22.5 என்ற அளவில் ஏறக்குறையச் சரியாக உட்காருகிறது. பல்சக்கரம் கொண்டு ஏறும் பகுதி இன்னும் பாக்கி. அது அடுத்த ஆண்டு வேலை.

இனி இந்த அறிக்கையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, பேட்டரி சார்ஜ் விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னது எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

வெளியில் கிடக்கும் தண்டவாளத்தில் கரண்ட் கொடுத்து வண்டி ஓட்டுவது பெரும்பாடு. காலைப் பனி, தூசி, பித்தளையில் படியும் கறுப்பு எல்லாம் சேர்ந்து வண்டி பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடும். அதனால்தான் இன்ஜினுக்குள்ளேயே பேட்டரி வைத்து ரேடியோ ரிமோட்டில் ஓட்டுவதற்கு நாம் மாறினோம். முதலில் வைத்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 12 செல், 14.4 வோல்ட். இப்போது முக்கால்வாசிப் பேர் லித்தியம் அயனுக்கு வந்துவிட்டார்கள், 18650 என்ற அளவுள்ள உருளை செல் நாலு தொடராக, 14.8 வோல்ட். எடையும் குறைவு, இடமும் குறைவு, ஓடும் நேரமும் நன்றாக இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வகை பேட்டரி பேக்கின் வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதும், இரண்டுக்கும் நாம் அதே உருளை சார்ஜிங் பின்னைப் பயன்படுத்தியதும் சேர்ந்துதான் ஆபத்தாக முடிந்தது.

பள்ளிக் கண்காட்சி அன்று நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மதிய இடைவேளையில் ஒரு உறுப்பினரின் லித்தியம் பேக்கில் யாரோ பழைய நிக்கல் சார்ஜரைச் சொருகிவிட்டார்கள். பின் பொருந்தியது, விளக்கு எரிந்தது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. தெருவில் ஐஸ் வண்டி வந்ததும் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நல்லவேளை, ஒரு மாணவி பேக்கின் மேல் சுற்றியிருந்த நீலச் சுருக்கு உறை வளைந்து மினுங்குவதைக் கவனித்து, தொட்டுப் பார்த்து, சுவிட்சை அணைத்தாள். தீ இல்லை, யாருக்கும் காயம் இல்லை. அந்தப் பேக் போனது போனதுதான்.

என்ன நடந்தது என்று புரிந்துகொள்வது முக்கியம். நிக்கல் பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட் கொஞ்சம் இறங்கும், அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துத்தான் நிக்கல் சார்ஜர் நிற்கிறது. லித்தியத்தில் அந்த இறக்கம் வரவே வராது. வோல்ட் ஏறிக்கொண்டே போகும், சார்ஜரும் தள்ளிக்கொண்டே இருக்கும். லித்தியம் சார்ஜர் வேலை செய்யும் விதமே வேறு. ஒரே ஆம்பியரில் கொடுத்து, செல்லுக்கு 4.2 வோல்ட் வந்ததும் அந்த வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், ஆம்பியர் தானாகக் குறையும், ரொம்பக் குறைந்ததும் அடியோடு நிறுத்திவிடும். நாலு செல்லுக்கு 16.8 வோல்ட், மூன்று செல்லுக்கு 12.6. நிக்கலுக்குச் செய்வதுபோல ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பது லித்தியத்துக்கு ஆகாது. அப்புறம், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வேறு வகைப் பேக் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், உங்கள் செல் நிறைவது 3.65 வோல்ட்டில். மற்றவர்களின் சார்ஜரை இரவல் வாங்காதீர்கள்.

“லித்தியம் சார்ஜர்” என்று ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. ஒருவர் ஆன்லைனில் வாங்கி வந்ததை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன், எதையும் இணைக்காமலே 17.9 வோல்ட் காட்டியது. அது சார்ஜரே இல்லை, சாதாரண அடாப்டர், மேலே ஸ்டிக்கர் மட்டும்தான் லித்தியம். இனிமேல் புதிதாக வாங்கும் எந்தச் சார்ஜரையும் பேக்கில் சொருகுவதற்கு முன்னால் மீட்டரில் பார்த்துவிடுவோம்.

“பேக்கில்தான் பி.எம்.எஸ். (அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை) இருக்கிறதே, அது கட் பண்ணிவிடாதா?” என்று நிறையப் பேர் கேட்டீர்கள். கட் பண்ணும், வேலை செய்தால். அந்தக் கண்காட்சிப் பேக்கில் விலை குறைந்த பலகை போட்டிருந்தார்கள், அது கட் பண்ணவில்லை. இதற்கு நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சொன்ன பதிலைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை: “தம்பி, பாய்லர்ல சேஃப்டி வால்வு இருக்குன்னு பிரஷர் கேஜைப் பார்க்காம விட்டுட்டுப் போவோமா? வால்வு கடைசிக்கு. கண்ணு கேஜ் மேல இருக்கணும்.”

நம் விஷயத்தில் கேஜ் எது? பேக்கிலிருந்து வெளியே வரும் அந்தச் சின்ன வெள்ளை பேலன்ஸ் பின்தான். நாலு செல்லுக்கு ஐந்து ஒயர். அடுத்தடுத்த இரண்டு ஒயரில் மீட்டரை வைத்தால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் தனித்தனியாகத் தெரியும். போன மாதம் ஒரு உறுப்பினரின் பேக்கில் இப்படிப் பார்த்தபோது 4.19, 4.20, 4.18, கடைசியில் 3.62. மொத்தம் 16.19, இரண்டு முனையில் மட்டும் பார்ப்பவர் “இன்னும் கொஞ்சம் ஏறணும்” என்றுதான் நினைப்பார். சார்ஜரும் அப்படித்தான் நினைக்கிறது, 16.8-க்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. நாலாவது செல் சோனியாக அங்கேயே நின்றால் மற்ற மூன்றும் 4.39 வரை போக வேண்டியிருக்கும். மொத்த வோல்ட்டில் இது தெரியவே தெரியாது. ஆகவே பேலன்ஸ் ஒயரை இன்ஜினுக்குள் மடக்கி ஒட்டிவிடாதீர்கள், கேபினோ, இன்ஜினுக்குப் பின்னால் வரும் கரிப்பெட்டியான டெண்டரோ, எங்கே திறக்க வசதியோ அங்கே கைக்கு எட்டும்படி வையுங்கள். முடிந்தால் பேக்கையே கழற்றி எடுக்கும்படி கட்டுங்கள். இரும்பும் பித்தளையுமாக இருக்கும் ஓர் உடம்புக்குள் வைத்துச் சார்ஜ் செய்வதைவிட வெளியே எடுத்துச் செய்வது எவ்வளவோ மேல், சூடு ஏறினால் கையில் தெரியும், ஏதாவது ஆனால் பல மாத உழைப்பில் செய்த இன்ஜின் தப்பிக்கும்.

செல் விஷயத்தில் ஒரு வார்த்தை. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அந்த அளவுள்ள செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 மில்லி ஆம்பியர் மணிக்கு அருகில்தான் நிற்கின்றன, 9900 என்று அச்சடித்திருந்தால் கையில் எடுக்காமல் வைத்துவிடுங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்லையும் புது செல்லையும் ஒரே பேக்கில் கலக்காதீர்கள், மேலே சொன்ன 3.62 கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. உறையைக் கவனமாகப் பாருங்கள், முக்கியமாகப் பாசிட்டிவ் முனையின் ஓரத்தில். அந்த உலோகக் குழல் முழுக்க நெகட்டிவ், நடுவில் இருக்கும் மூடி மட்டும்தான் பாசிட்டிவ், இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய உறையும் ஒரு வளையமும்தான். இன்ஜின் அதிர்வில் அது உராய்ந்து கிழிந்தால் சேஸிஸ் வழியாக ஷார்ட். பாசிட்டிவ் ஒயரில், பேக்குக்கு மிக அருகில், ஒரு ஃப்யூஸ் எல்லோரும் போட்டே ஆக வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்க வேண்டாம், நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்யும் மெஷின் சங்கத்தில் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. பெரும்பாலான லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் செய்யும் வெப்ப எல்லை 45 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த பாய்லர் திறந்த வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள். வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், நிழலில் ஆறவிட்டு, செல்லைத் தொட்டால் சூடே தெரியவில்லை என்றான பிறகு போடுங்கள். அவசரமும் வேண்டாம். 2600 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 1.3 ஆம்பியர் போதும், மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கண்காட்சி முடிந்து வீட்டில் மாதக்கணக்கில் சும்மா வைக்கும்போது முழுதாக நிரப்பி வைக்காதீர்கள், காலியாகவும் வைக்காதீர்கள், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் விட்டு, பேக்கை இன்ஜினிலிருந்து கழற்றி வையுங்கள். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துச் செல்லை 2 வோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோயிருந்தால் அதை மறுபடி எழுப்பப் பார்க்காதீர்கள். உள்ளே செம்பு கரைந்து வேறிடத்தில் படிந்திருக்கும், அடுத்த சார்ஜில் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். நம் பேக் அதைவிட மிகச் சின்னது, 38 வாட் மணி சுற்றி. ஆனாலும் மூடிய அறையில் அந்தப் புகை சின்ன விஷயம் அல்ல. தூங்கும் நேரத்தில், தூங்கும் அறையில், வாசல்படிக்குப் பக்கத்தில் சார்ஜ் போடவே வேண்டாம் என்று உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் வைத்துத்தான் கூடத்தின் ஜன்னலோரம் சார்ஜுக்கென்று தனி மேசை போட்டோம். மேலே கடப்பாக்கல், அதன்மேல் மண்தொட்டிகள், பேக்கைத் தொட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ். இறுக்கி மூடும் இரும்புப் பெட்டி வேண்டாம், வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் அதுவே வெடிக்கும். பக்கத்தில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும் இருக்கின்றன. மணல் தீ பரவாமல் தடுக்கும், ஆனால் செல்லின் சூட்டைத் தணிப்பது தண்ணீர்தான், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நிறைய ஊற்ற வேண்டும். புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், பேக்கைக் காப்பாற்றப் போகாதீர்கள். சார்ஜ் ஓடும்வரை ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பார், எழுந்து போக வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார்.

இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம் இதுதான்: சங்க இடத்தில் ஓடும் எல்லா லித்தியம் பேக்குகளுக்கும் இனி மஞ்சள் எக்ஸ்.டி.30 பின் மட்டும், உருளை பின் நிக்கலுக்கு மட்டும். பின்னைச் சங்கமே வாங்கித் தரும், மாற்றிக் கொடுக்க மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள். உப்பிய, நசுங்கிய, சந்தேகமான பேக்குகளைக் குப்பைத்தொட்டியில் போடாமல் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், மொத்தமாகச் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆளிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்கிறோம். முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயரைத் தலைவரிடம் கொடுத்துவிட்டால் பொருளாளர் கணக்கை வாசிக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்