டோட்டல் லாஸ் கடிதத்தில் கையெழுத்திடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. பாலத்தில் இடம் பிடிக்க முடியாமல் வாசலிலேயே மூழ்கிய கார்கள் பிறகு என்ன ஆகின்றன என்பது அவ்வளவாக வெளியே வருவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னை ஒர்க்ஷாப்களில் நனைந்த கார்கள் குவிந்துகிடந்தன. எட்டு, பத்து வயதான கார் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும் பதில் பெரும்பாலும் "டோட்டல் லாஸ்", அதாவது பழுது பார்ப்பது கட்டுப்படியாகாத முழு இழப்பு என்பதுதான். கூடவே ஒரு சம்மதக் கடிதமும் வரும். முழுத் தொகையை வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடுகிறீர்களா, குறைந்த தொகையோடு வண்டியை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருப்பார்கள். வீட்டுக்குள் வந்த சேற்றை வழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கணக்குப் பார்க்க யாருக்கும் மனம் இருக்காது. ஆனால் ஒரு லட்சம் வரை வித்தியாசம் வரக்கூடிய முடிவு அது.

எல்லாம் பாலிசியில் அச்சிட்டிருக்கும் ஐ.டி.வி. (வண்டிக்கு அறிவிக்கப்பட்ட காப்பு மதிப்பு) தொகையில் ஆரம்பிக்கிறது. புதுக் காரின் விலையில் முதல் ஆறு மாதத்துக்கு 5%, ஒரு வருடம் வரை 15%, பிறகு வருடவாரியாக 20, 30, 40 என்று கழித்துக்கொண்டே போய் ஐந்தாவது வருடத்தில் 50% கழிப்பார்கள். ஐந்து வயதைத் தாண்டிய காருக்கு அட்டவணை கிடையாது. வண்டிக்காரரும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐ.டி.வி. ஆன்லைனில் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று அதைக் கீழே இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. சென்னை அடங்கிய ஏ மண்டலத்தில், ஐந்து முதல் பத்து வயதுள்ள 1000–1500 சிசி காருக்குப் பழைய கட்டண அட்டவணை சொல்லும் விகிதம் 3.447%. அதன்படி பார்த்தாலும் ஐ.டி.வி.யை 50,000 ரூபாய் உயர்த்த 1,724 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் கூடுதலாக ஆகும். நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) 50% வைத்திருப்பவருக்கு அதிலும் பாதி. டோட்டல் லாஸ் ஆகும் நாளில் அந்த 50,000 முழுதாகக் கைக்கு வரும். பாலிசிக் காலத்துக்குள் எந்த மாதத்தில் இழப்பு நேர்ந்தாலும் அச்சிட்ட ஐ.டி.வி.யையே எடுத்துக்கொள்ள வேண்டும். "இன்றைக்கு இந்த வண்டிக்கு மார்க்கெட்டில் இவ்வளவு கிடைக்காது" என்று சொல்லி அதைக் குறைக்க முடியாது.

மீட்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். இந்த விதியில் "பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் இருக்கின்றன. பழைய கார்க்காரர்களின் சிக்கல் இங்கேதான். ஷோரூம் தரும் எஸ்டிமேட்டை நேராக எடுத்துக்கொள்ளாமல், தேய்மானத்தைக் கழித்த பிறகு வரும் தொகையை 75 சதவீதத்தோடு ஒப்பிடுகிற சர்வேயர்கள் (சேதத்தை மதிப்பிடுபவர்கள்) உண்டு. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி கழிவு. இரும்புப் பாகங்களுக்கு ஐந்து முதல் பத்து வயது வரை 40%, பத்துக்கு மேல் 50%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்.

எட்டு வயது பெட்ரோல் கார், ஐ.டி.வி. 2,40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட் 1,70,000. அதில் இரும்பு 50,000, பிளாஸ்டிக்கும் ரப்பரும் 60,000, கண்ணாடி 10,000, கூலி 35,000, பெயின்ட் 15,000. தேய்மானமாக 20,000, 30,000, 1,875 போகும். எந்த க்ளெய்மிலும் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக 52,875 ரூபாய் உங்கள் பையிலிருந்து. ஆயில், கூலன்ட், கிரீஸ் தனி. டோட்டல் லாஸ் ஆகாத கேஸில்தான் பழைய காரின் சொந்தக்காரர் அதிகம் இழக்கிறார் என்பது பலருக்கு பில் வந்த பிறகே புரிகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்கான தனிக் காப்பு எடுக்காதவர்களுக்கு இந்தச் சேதத்தைக் கம்பெனி தராது. இன்ஜின் செலவு மதிப்பீட்டிலிருந்து விலகியதும் மொத்தத் தொகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். டோட்டல் லாஸும் கிடைக்காது, இன்ஜினும் கிடைக்காது. ஆகவே சாவியைத் தொடாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.

சரி, டோட்டல் லாஸ் என்று முடிவாகிவிட்டது. அதே காருக்கு எஸ்டிமேட் 3,10,000 என்று வைப்போம். வண்டியை விட்டுவிட்டால் கட்டாயக் கழிவு போக 2,39,000 வரும். சேதமான வண்டிக்கு சால்வேஜ் (இருக்கும் நிலையிலேயே விற்கும்) ஏலத்தில் 70,000 கேட்டிருக்கிறார்கள் என்றால், நீங்களே வைத்துக்கொள்ளும்போது கம்பெனி தருவது 1,69,000. வெளி மெக்கானிக்கிடம் பழைய ஸ்பேர் போட்டு 1,30,000 ரூபாயில் முடித்தாலும் கையில் 39,000 ரூபாயும் ஒரு காரும் மிஞ்சும். அதாவது அந்தக் காரை 2,00,000 கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். சால்வேஜ் தொகையையும் உண்மையான ரிப்பேர் செலவையும் கூட்டிப் பார்த்து, வெள்ளத்தில் மூழ்கிய வரலாறுள்ள அதே மாடலை இன்று அந்த விலைக்கு வாங்குவீர்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். இந்தக் கணக்கில் ஐ.டி.வி.க்கு வேலையே இல்லை.

சீட்டுக்கு மேல் தண்ணீர் ஏறிய பழைய கார் என்றால் விட்டுவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பெரும்பாலான கார்களில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் கியர் லிவரை ஒட்டித் தரையில் இருக்கிறது. சீட் நனையும் முன்பே அது நனைந்துவிடும். டாஷ்போர்டுக்குக் கீழே பாடி கன்ட்ரோல் யூனிட், ஃபியூஸ் பாக்ஸ், வயரிங் கனெக்டர்கள். துடைத்துக் காய வைத்ததும் எல்லாம் வேலை செய்யும். மூன்று நான்கு மாதம் கழித்துக் கனெக்டர் ஊசிகளில் பச்சையாகப் பூஞ்சணம் மாதிரி படியும். பவர் ஸ்டியரிங் விளக்கு ஒரு நாள், ஏ.பி.எஸ். விளக்கு ஒரு நாள், ஓடும்போதே இன்ஜின் அணைவது ஒரு நாள் என்று வரும் தொல்லையின் மூலத்தைத் தேடிப் பிடிக்கும் கூலியே ஸ்பேரை மிஞ்சிவிடும். கார்பெட்டுக்கு அடியிலுள்ள கம்பளித் திண்டைப் பிடுங்கி எறியாவிட்டால் அது மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து, கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருந்தால் பேச்சே வேண்டாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரம் விழுந்து நசுங்கிய மாதிரிச் சேதம் முற்றிலும் வேறு. இன்ஜினும் வயரிங்கும் நன்றாக இருக்கும். ஷோரூம், மேல்கூரையை முழுசாக மாற்ற எழுதுவதால் எஸ்டிமேட் எகிறி டோட்டல் லாஸில் போய் நிற்கும். இங்கே பார்க்க வேண்டியது பில்லர்களை. முன் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள பில்லரும் நடு பில்லரும் வளையாமல், நான்கு கதவும் இடிக்காமல் மூடினால், நல்ல டிங்கர் கூரைத் தகட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பார். இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொள்வது பல நேரம் லாபம். பில்லர் மடங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்த விபத்தில் உயிரைத் தாங்க வேண்டியது அதுதான்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். பதினைந்து வயதை நெருங்கும் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். இருபதைத் தாண்டினால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்ட செவ்ரோலே போன்ற பிராண்டு என்றால், கேட்ட ஸ்பேர் கேட்ட நாளில் கிடைக்கும் என்று நம்பி வண்டியைத் திரும்ப எடுக்காதீர்கள்.

சால்வேஜ் தொகையை அப்படியே ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆர்.சி.யோடு ஒரு விலை, ஆர்.சி. இல்லாமல் ஒரு விலை என்று கேட்கிற தொழில் இது; ஆர்.சி.யோடு கேட்கும் விலை எப்போதும் அதிகம். உங்களிடமிருந்து கழிக்கும் தொகை எந்த விலை, கேட்டவர் யார் என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த விலைக்கு ஆள் இல்லை என்றால் கழிக்கவும் கூடாது. விட்டுவிடுகிறவர்களுக்குப் பணம் பல நேரம் இரண்டு கையிலிருந்து வரும்: சால்வேஜ் வாங்குபவர் ஒரு பங்கு, கம்பெனி மீதி. வாங்குபவரின் பங்கு வங்கிக் கணக்கில் ஏறும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கிக்குத்தான் போகும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஆர்.சி. விவகாரம். வாங்குபவர் எதையும் நிரப்பாத, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துக் கேட்பார். கொடுத்துவிட்டால் அந்த வண்டி ஒழுங்காகப் பழுது பார்க்கப்படாமல் உங்கள் பெயரிலேயே சாலையில் ஓடலாம். அல்லது அதன் சேஸ் எண் திருட்டு வண்டி ஒன்றில் ஏறலாம். விற்றுக் கைமாறிவிட்டாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி இனி ஓடவே தகுதியற்றது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ரத்து செய்யுங்கள். சால்வேஜ் விலை குறைந்தாலும் பரவாயில்லை. ஆர்.சி.யோடு விற்பதானால் வாங்குபவரின் பெயர், முகவரியை நிரப்பிய பிறகே கையெழுத்து. பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள். வண்டியை வைத்துக்கொள்பவர்கள் ஆர்.சி.யை ரத்து செய்யக் கூடாது, ஆனால் டோட்டல் லாஸ் தொகை வாங்கியதோடு பழைய பாலிசி முடிந்துபோகும். ரிப்பேர் முடிந்து சாலையில் இறக்கும் முன் புதுப் பாலிசி எடுக்க வேண்டும். நேரில் பார்த்துவிட்டு, மூன்றாம் நபர் காப்பு மட்டும்தான் தருவோம் என்று சொல்கிற கம்பெனிகளும் இருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. சம்மதக் கடிதத்திலேயே தேய்மானம் கழித்த சேத மதிப்பு, ஆர்.சி.யோடும் இல்லாமலும் வந்த சால்வேஜ் விலைகள், இரண்டு வழியிலும் கைக்கு வரும் தொகை ஆகியவற்றை அச்சிட்டுத் தரக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். பதில் சொல்ல ஒரு வாரமாவது அவகாசம் வேண்டும். அதுவரை, சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதியும் தீராவிட்டால், அவர்கள் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகத்தில் கட்டணம் எதுவும் இல்லாமல், வக்கீலும் இல்லாமல் புகார் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
மோட்டார் இன்ஷூரன்ஸ் இழப்பு மதிப்பீட்டாளர்,
சென்னை