செயலாளர் ஆண்டறிக்கை: ரத்த ஆரஞ்சு நம்ம மலையில் சிவக்குமா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், காட்டுமாடு விஷயமாகக் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. சரி, எல்லோரும் கேட்கிற ரத்த ஆரஞ்சுக்கு, அதாவது சுளை சிவப்பாக இருக்கிற ஆரஞ்சுக்கு வருகிறேன்.

மரம் வளரும், காய்க்கும், அதில் சந்தேகமே வேண்டாம். சிவக்குமா என்பதுதான் பிரச்சினை. பண்ணைக்காட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர் கூட்டத்துக்குப் பழம் கொண்டுவந்து அறுத்தார், சுளைகளின் ஓரத்தில் ரவிக்கைக் கரை மாதிரி மெல்லிய சிவப்பு, மற்றபடி முழுக்க மஞ்சள். இனிப்பு நன்றாகவே இருந்தது. கன்று விற்றவர் படத்தில் காட்டிய கறுஞ்சிவப்பு எங்கே என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டதில் டீ ஆறிப்போனது.

விஷயம் இதுதான். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்கிற நிறமி. அதைத் தூண்டும் ரூபி என்ற மரபணுவை விஞ்ஞானிகள் 2012ல் விளக்கினார்கள், குளிர் பட்டால்தான் அது நன்றாக விழித்துக்கொள்ளும். சிசிலியில் எட்னா எரிமலையைச் சுற்றிப் பகலில் வெயில், இரவில் நல்ல குளிர், அதனால்தான் அங்கே அந்த நிறம். பழம் முற்றுகிற மாதங்களில் இரவு குளிராவிட்டால் உரம் எவ்வளவு கொட்டினாலும் நிறம் வராது. அதனால் அடிவாரத்துக்காரர்கள் இதை மறந்துவிடலாம், கொடைக்கானல் உச்சியிலோ குளிர் போதும், பழம் இனிக்க வெயில் போதாது. இடையில் தாண்டிக்குடி மட்டத்தில், மார்கழி, தை மாதப் பனி இறங்குகிற, நிழல் இல்லாத சரிவில் சில மரங்கள் வைத்துப் பார்க்கலாம். காபியைப் பிடுங்கிவிட்டு யாரும் வைக்க வேண்டாம்.

ரகம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், மோரோ, டரோக்கோ, சங்குவினெல்லோ என்று முக்கியமாக மூன்று. மோரோதான் மூன்றிலும் அதிகமாகச் சிவப்பது, சீக்கிரமும் பழுக்கும், கொஞ்சம் புளிப்பு. டரோக்கோ நல்ல இனிப்பு, விதை அநேகமாக இருக்காது, ஆனால் குளிர் குறைந்தால் முதலில் ஏமாற்றுவதும் அதுதான். சங்குவினெல்லோ பிந்திப் பழுக்கும். என் கணக்கில் நமக்கு மோரோ.

ஒட்டு எதன்மேல் கட்டியது என்றும் கேளுங்கள். கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் கட்டியது ட்ரிஸ்டெசா வைரஸ் வந்தால் பட்டுப்போகும், ரங்பூர் எலுமிச்சை அதைத் தாங்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், சரிவில் வடிகால் வெட்டிவிட்டு அப்புறம் குழி எடுங்கள். பசுமை நோய் நம்ம கமலா ஆரஞ்சை என்ன பாடு படுத்தியது என்று பெரியவர்களுக்குத் தெரியும், அதைப் பரப்பும் சைலா பூச்சி இதையும் விடாது, அதனால் ஊர் பேர் தெரியாத கன்றை ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

பறித்த பழத்தை 8 முதல் 10 டிகிரி குளிரில் சில வாரம் வைத்தால் சிவப்பு இன்னும் கூடும். வருகிற தை மாதம் அண்ணன் தோட்டத்துப் பழத்தில் ஒரு கூடையை மேலே கொடைக்கானலில் ஒரு உறுப்பினர் வீட்டு அறையில் வைத்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வண்டிச் செலவு சங்கத்துடையது. சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கட்டிவிடுங்கள்.