'இன்' என்று தொடங்கினால் எல்லாம் 'இல்லை' ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இதழின் மாணவர் பக்கத்தில், ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு தரும் பகுதியை மூன்று வருடமாக விடாமல் படித்து வருகிறேன். வீட்டில் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை, எல்லாரும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள். இதழ் வந்ததும் அந்தப் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அகராதி வாங்க வசதியில்லாத வீடுகளில் அந்த நோட்டுதான் அகராதி. அதனால்தான் இந்தக் கடிதம்.

சென்ற வாரம் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் 15 சொற்கள் வந்திருந்தன. 'இன் என்று தொடங்கினால் எதிர்ச்சொல்' என்று மேலே ஒரு குறிப்பு. இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாத, இன்கரெக்ட் என்றால் தவறான, இன்கம்ப்ளீட் என்றால் முடிவடையாத. இதெல்லாம் சரி. அதே வரிசையில் இன்ஃப்ளேமபிள் என்ற சொல்லுக்கு 'தீப்பிடிக்காத' என்று போட்டுவிட்டீர்கள். உண்மையான பொருள் நேர்மாறு. 'எளிதில் தீப்பிடிக்கக்கூடிய' என்பதுதான் அதன் பொருள். பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது இந்தச் சொல்தான். பள்ளி ஆய்வகத்தில் ஸ்பிரிட் பாட்டிலிலும் இருக்கும். நோட்டைப் பார்த்துப் படித்த பிள்ளை அந்த பாட்டிலைப் பார்த்தால் என்ன நினைக்கும்? எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆங்கிலம் நிறையச் சொற்களை எடுத்துக்கொண்ட பழைய மொழியான லத்தீனில் இரண்டு 'இன்' உண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது. மற்றொன்று 'உள்ளே' என்ற பொருள் தருவது. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. இன்ஹேல் என்றால் மூச்சை உள்ளே இழுப்பது, இன்ஜெக்ட் என்றால் உள்ளே செலுத்துவது. ஊசி போடுவதை நாம் இன்ஜெக்‌ஷன் என்று சொல்வது இப்படி வந்ததுதான். இன்ஃப்ளேமபிள் இந்தக் குடும்பத்துச் சொல்; தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. இந்தக் குழப்பம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே உண்டு. அமெரிக்காவில் தீ பாதுகாப்புத் துறையினர், 'இன்' வேண்டாம், வெறும் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று 1920களில் வலியுறுத்த ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே.

இன்ஹேபிட்டபிள் என்ற சொல்லும் இப்படித்தான். பார்த்தால் 'வசிக்க முடியாத' என்று தோன்றும்; பொருளோ 'வசிக்கத் தகுந்த'. வசிக்க முடியாததைச் சொல்ல முன்னால் ஒரு 'அன்' சேர்க்க வேண்டும். இன்ஃபமஸ் என்பது புகழ் இல்லாதவரை அல்ல, கெட்ட பெயர் எடுத்தவரைக் குறிக்கும். இன்வேல்யுபிள் என்றால் மதிப்பில்லாதது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அவர்களிடம், 'விலைமதிப்பற்ற' என்று நாம் சொல்கிறோமே, அதில் 'அற்ற' இருப்பதால் குறைவாகவா சொல்கிறோம் என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள். மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது, அவ்வளவுதான்.

தமிழிலிருந்து ஒன்றைக் காட்டினால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சீக்கிரம் புரிகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அநீதி, அதர்மம் ஆகிய சொற்களில் முன்னால் நிற்கும் 'அ' மறுக்கிறது. அதற்காக அவல், அரிசி, அகல் ஆகியவற்றின் 'அ'வும் மறுக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இன்பாசிபிள் என்று ஏன் வருவதில்லை, ஏன் இம்பாசிபிள் என்று ஒரு பையன் கேட்டான். ஐந்து, பத்து என்ற சொற்கள் சேர்ந்தால் ஐம்பது, ஐந்து கரம் உள்ள பிள்ளையார் ஐங்கரன். பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப மெல்லெழுத்து மாறுகிறது இல்லையா, அங்கேயும் அதேதான் என்றேன். பி, எம் முன்னால் 'இம்', எல் முன்னால் 'இல்', ஆர் முன்னால் 'இர்'. இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் அப்படி வந்தவை. அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சொற்கள் எழுத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்று காட்டுவதோடு நிறுத்தாமல், ஏன் பகிர்ந்துகொள்கின்றன என்று ஒரு வரி எழுதுங்கள். 15 சொற்கள் வேண்டாம், ஐந்து போதும்.

'போர்ட்' என்ற எழுத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமந்து செல்வது என்று பொருள் தரும் லத்தீன் வேர் அது. உள்ளே கொண்டுவந்தால் இம்போர்ட், வெளியே கொண்டுபோனால் எக்ஸ்போர்ட். ரயில் நிலையத்தில் சுமை தூக்குபவர் போர்ட்டர். கீழிருந்து தாங்கினால் சப்போர்ட். நடந்ததைத் திரும்பச் சுமந்து வந்து சொன்னால் ரிப்போர்ட். இத்தனையும் பிள்ளைகள் ஏற்கெனவே காதால் கேட்ட சொற்கள். ஒரு வேரைச் சொன்னால் போதும், எல்லாம் ஒரு கொத்தாகக் கைக்கு வந்துவிடும். ஆனால் ஏர்போர்ட் இந்தக் கொத்தில் இல்லை. அதில் வருவது துறைமுகம் என்ற பொருளுடைய வேறொரு சொல். வாய்ப்பு என்று பொருள்படும் ஆப்பர்ச்சூனிட்டிக்குள்ளும் அந்தத் துறைமுகம்தான் இருக்கிறது. கப்பலைத் துறைமுகத்தை நோக்கித் தள்ளும் சாதகமான காற்றைச் சொன்ன லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் அந்த நீளமான ஸ்பெல்லிங் கூட மறக்காது.

டபிள்யூ, ஆர் சேர்ந்து தொடங்கும் சொற்களையும் ஒரு வாரம் போடலாம். டபிள்யூ இன்று ஒலிப்பதில்லை, ஆனால் பல சொற்களில் முறுக்குதல், திருகுதல் என்ற கருத்து ஒளிந்திருக்கிறது. ரிஸ்ட் என்பது திருகும் இடமான மணிக்கட்டு, ரிங் என்றால் துணியைப் பிழிவது, ரெஞ்ச் என்றால் திருகுவது, ரெஸ்ல் என்றால் மல்யுத்தம் செய்வது. தவறு என்று நாம் சொல்லும் ராங் கூட முதலில் கோணலானதைத்தான் குறித்தது. எழுதுவதைக் குறிக்கும் ரைட் மட்டும் இதில் சேராது. அது கீறுவதிலிருந்து வந்தது. எஸ், என் எழுத்துகளில் மூக்கைச் சேர்ந்த சொற்கள் நிறைய. ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னீஸ் தும்மல். ஆனால் பாம்பும் பனியும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன. இப்படிச் சேராதவற்றையும் சேர்த்தே அச்சிடுங்கள். விதிவிலக்கைப் பார்த்துப் பழகிய பிள்ளை அடுத்த சொல்லை ஒரு நிமிடம் நின்று யோசிக்கும்.

அப்புறம், இன்ஃப்ளேமபிள் என்ற சொல்லுக்கு மட்டும் திருத்தத்தை அடுத்த இதழிலேயே, அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். வேறு பக்கத்தின் மூலையில் போட்டால் பிள்ளைகள் கண்ணில் படாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் நோட்டில் நானே பேனாவால் திருத்திவிட்டேன். மற்ற ஊர்ப் பிள்ளைகள் உங்கள் திருத்தத்தை வெட்டி, பழையதன் மேலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்