ஏரியல்-1 சிதறவில்லை

ஆசிரியருக்கு,

ஏரியல்-1 துணைக்கோளை அமெரிக்க அணுகுண்டுச் சோதனை “சிதறடித்தது” என்று அறிவியல் பக்கத்தில் வந்தது தவறு.

பிரிட்டிஷ் கருவிகளுடன் 1962 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்ட, சுமார் 60 கிலோ எடையுள்ள கோள் அது. சூரியனின் எக்ஸ் கதிரையும் புற ஊதாக் கதிரையும் அளந்தபடியே, அவற்றால் அயனிமண்டலத்தில், அதாவது மேல் வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள அடுக்கில், எலக்ட்ரான் அடர்த்தியும் வெப்பமும் எப்படி மாறுகின்றன என்றும் பார்த்தது. காரணத்தையும் விளைவையும் சேர்த்து அளந்ததே அதன் அருமை.

ஜூலை 9 அன்று பசிபிக்கின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டு வெடித்தது. அங்கே அதிர்வலை எழக் காற்று ஏது? கோளைக் கெடுத்தவை வெடிப்பில் வெளிப்பட்ட எலக்ட்ரான்கள். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி வளையமாகச் சுற்றிய அவற்றுக்குள் கோள் திரும்பத் திரும்பப் புகுந்தது. சூரியத் தகட்டின் சிலிக்கன் படிகத்தில் அணுக்கள் இடம்பெயர்ந்தன. வெயில் பட்டு உண்டாகும் மின்னூட்டங்கள் பயன்படுமுன்பே அந்தக் குறைகளில் சிக்கி வீணாகின. மின்சாரம் போதவில்லை, தரவு விட்டுவிட்டு வந்தது. கோளின் உடல் முழுசாகவே இருந்தது, 1976இல் வளிமண்டலத்தில் விழும்வரை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் மாலை மங்கியபின் ஜிபிஎஸ் சமிக்ஞை சில நாள் தடுமாறுவதும் இதே அயனிமண்டலத்தின் வேலைதான். அதையும் ஒருமுறை எழுதுங்கள்.

இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
ஜூரோங் வெஸ்ட்