டிராகன் வந்தாலே குப்பையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கும் மாயாஜால நாவல்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு மறுவாரம் ஒரு வாசகர் சூடாக எழுதியிருந்த பதிலையும் படித்தேன். கட்டுரையாளர் கணக்கில் எல்லாம் ஒரே சரக்கு: ஒரு அனாதைப் பையன், ஒரு மந்திரக்கோல், ஒரு டிராகன், அவ்வளவுதான். பதில் போட்டவரோ, 60 கோடிப் பிரதிக்கு மேல் விற்ற ஹாரி பாட்டர் நாவல் தொடரைக் குப்பை என்றால் வாங்கினவர்கள் எல்லாம் முட்டாள்களா என்று கேட்கிறார். இரண்டு பேருமே புத்தகத்தைப் பிரித்த மாதிரி தெரியவில்லை. (பதில் போட்டவர் பிரித்திருக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லையே.)

நான் ஸ்ரீரங்கத்தில் 18 வருடம் வாடகை நூல் நிலையம் நடத்தினவள். 200 ரூபாய் டெபாசிட், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரத்தில் திருப்ப வேண்டும். பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள் என்பதைவிட எதை இரண்டாவது முறை எடுக்கிறார்கள் என்பதைத்தான் கவனிப்பேன், அப்படி எடுத்தால் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்து வைப்பேன். முதல் முறை எடுப்பது விளம்பரத்துக்காக, சினிமாவுக்காக, பக்கத்து வீட்டுப் பையன் படித்தான் என்பதற்காக. இரண்டாவது முறை எடுப்பவனிடம் அந்தச் சாக்கெல்லாம் செல்லாது.

முதலில் விற்பனைக் கதை. 2000 ஜூலையில் ஹாரி பாட்டரின் நாலாம் புத்தகம் வந்த சமயத்தில், நியூயார்க் டைம்ஸ் தன் பெஸ்ட்செல்லர் பட்டியலிலிருந்து குழந்தைகள் புத்தகங்களைப் பிரித்துத் தனிப் பட்டியல் போட்டது. முதல் மூன்று புத்தகங்களும் மாதக்கணக்கில் பெரியவர்கள் பட்டியலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன, மற்றவர்களுக்கு இடமில்லை. ஆக, பந்தியில் தனி இலை போட்டு ஓரமாக உட்கார வைத்தார்கள். பட்டியல் எதை அளக்கிறது, யார் வசதிக்காக அளக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு நல்ல புத்தகம் என்றும் சொல்ல முடியாது, கெட்ட புத்தகம் என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் பண்டிதர்கள். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் ப்ளூம் சாதாரண ஆள் இல்லை, ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர். அவர் 2003இல் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் எழுதினார்: முதல் ஹாரி பாட்டர் புத்தகத்தில் யாராவது நடக்கப் போனால் போதும், 'காலை நீட்டி மடக்க' என்கிற அர்த்தத்தில் ஒரே தேய்ந்த தொடரைப் போடுகிறார்களாம், அவர் ஒரு கவரின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிப் பல டஜன் ஆனதும் விட்டுவிட்டாராம். நானும் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தில் ஹாரியை வளர்க்கும் டர்ஸ்லி மாமா மத்தியானம் ரோட்டைத் தாண்டி பன் வாங்கப் போகும் இடத்தில் அந்தத் தொடர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டஜன் கணக்கில் எல்லாம் கிடையவே கிடையாது. எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, ஆனால் பிடிக்காத புத்தகத்தை அவரும் நம் கட்டுரையாளர் மாதிரியே பாதி கண்ணை மூடிக்கொண்டுதான் புரட்டியிருக்கிறார்.

சரி, எப்படித்தான் எடை போடுவது? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது வேதாளம். அம்புலிமாமாவில் மாதாமாதம் மனம் தளராமல் முருங்கை மரம் ஏறிய அதே விக்கிரமனின் வேதாளம்தான். அதில் மந்திரம் எவ்வளவு சிக்கனம் பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாயைத் திறந்தால் வேதாளம் திரும்ப மரத்துக்குப் போய்விடும். இரண்டே விதி. எத்தனை கதை சொன்னாலும் அந்த விதியில் கை வைப்பதில்லை. கடைசிக் கதையில் ராஜாவுக்கு நிஜமாகவே விடை தெரியவில்லை, அதனால் பேசவில்லை, அதனால் வேதாளம் தோளிலேயே தங்குகிறது. முடிவு எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை, முதல் நாள் போட்ட விதியின் வயிற்றிலிருந்தே பிறக்கிறது. கதாசிரியர் மாட்டிக்கொள்ளும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள், நான் பார்ப்பது அதைத்தான். புதுசாக ஒரு விதியை உருவி எடுத்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஹாரி பாட்டர் மூன்றாம் புத்தகத்தை (1999) இந்தத் தராசில் வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புக்குப் போக ஹாரியின் தோழி ஹெர்மயோனிக்குக் காலத்தைப் பின்னால் திருப்பும், கழுத்துச் சங்கிலியில் தொங்கும் ஒரு சின்னக் கருவியைப் பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள். கடைசியில் அதை வைத்து அவளும் ஹாரியும் மூன்று மணி நேரம் பின்னால் போகிறார்கள். ஏரிக்கரையில், தான் சாகக் கிடந்தபோது அக்கரையிலிருந்து மந்திரம் வீசிக் காப்பாற்றியது செத்துப்போன தன் அப்பாதான் என்று அந்தப் பையன் நம்பிக்கொண்டிருக்கிறான். இப்போது அதே அக்கரையில் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அப்பா வருவார், வருவார் என்று பார்க்கிறான். நேரம் போகிறது, யாரும் வரவில்லை. அப்போதுதான் உறைக்கிறது, வரவேண்டிய ஆள் தான்தான் என்று. கோலை நீட்டுகிறான். அப்பா இல்லாத பிள்ளைக்கு இதைவிட ஒரு காட்சியை யார் எழுதிவிட முடியும்? என் நோட்டில் சிவப்புச் சுழி அதிகம் விழுந்தது இந்த மூன்றாம் புத்தகத்துக்குத்தான்.

ஆனால் அதே கருவிதான் தொடரின் ஓட்டையும். நாலாம் புத்தகத்தில் செட்ரிக் என்ற பையன் அநியாயமாகச் சாகிறான், மூன்று மணி நேரம் பின்னால் போகலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கடைக்கு வந்த எட்டாம் கிளாஸ் பெண் ஒருத்தி புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, "ஆன்ட்டி, அந்தச் சங்கிலி எங்க போச்சு?" என்றாள். கதை எழுதினவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாம் புத்தகத்தில் (2003) ஒரு சண்டையில் அந்தக் கருவிகள் இருந்த கண்ணாடி அலமாரியே விழுந்து நொறுங்குகிறது, ஆறாம் புத்தகத்தில் இருப்பு மொத்தமும் போச்சு என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஐந்தாம் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 766 பக்கம், இருநூறு பக்கம் வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆக ஒரே எழுத்தாளர், ஒரே தொடர், ஒரே கருவி, ஒரு இடத்தில் தங்கம், இன்னொரு இடத்தில் தகரம். இதைப் போய் மொத்தமாகக் குப்பை என்றோ மொத்தமாகக் காவியம் என்றோ எப்படிச் சொல்வது?

விதியை மீறாத புத்தகம் கேட்டால் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'யைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மந்திரப் பள்ளிக்கூடம் அதிலும் உண்டு, ஹாரி படித்த ஹாக்வார்ட்ஸுக்கு 29 வருடம் முன்னால். அதில் எதையும் வசப்படுத்த அதன் நிஜப் பெயர் தெரிய வேண்டும், ஓரிடத்து மழையை இன்னோரிடத்துக்குத் திருப்பினால் முதல் இடம் காயும். கெட் என்ற பையன் வீம்புக்காக, கூடப் படிப்பவன் சீண்டினான் என்பதற்காக, செத்தவளின் ஆவியைக் கூப்பிடப்போய் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். முகத்தில் தழும்பு மிஞ்சுகிறது, அவனைக் காப்பாற்றிய தலைமை மந்திரவாதி செத்தே போகிறார். முடிவைச் சொல்லிவிடக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: அந்த நிழலின் பெயர் என்ன என்பதில்தான் கதை முடிகிறது, வேதாளக் கதை மாதிரியே. என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பாதியிலேயே திருப்பிவிட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் மெதுவான புத்தகம்.

'எராகன்' என்ற டிராகன் நாவல் வேறு ரகம். கிறிஸ்டோபர் பவோலினி 15 வயதில் எழுத ஆரம்பித்தாராம், 2002இல் குடும்பமே அச்சடித்தது, 2003இல் பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 15 வயது என்பது எழுதினவரைப் பற்றிய சேதி, புத்தகத்தைப் பற்றியது இல்லையே. பண்ணைப் பையன், தன் பழைய வாழ்க்கையை மறைத்து வைத்திருக்கும் வயசாளி குரு, கொடுங்கோல் சாம்ராஜ்யம், கையில் வந்து சேரும் வாள் என்று போகும் கதையை நாம் 1977லேயே 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பார்த்தாயிற்று. டிராகன் மட்டும் நன்றாக இருக்கிறது.

நடையைப் பற்றியும் ஒன்று. எளிமையான வாக்கியம் மட்டமான வாக்கியம் இல்லை. ரிக் ரையர்டன் நாவலின் நாயகன் பெர்சி ஜாக்சனுக்கு (2005) படிப்பில் தடுமாற்றம், எழுத்துகள் கண்முன் நீந்தும், ஏனென்றால் அவன் மூளை பழைய கிரேக்கத்துக்காக அமைந்தது என்கிறது கதை. ரையர்டன் இதைத் தொடங்கியது அதே சிரமம் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையாக. முதல் அத்தியாயத்தின் தலைப்பே, கணக்கு டீச்சரைத் தெரியாத்தனமாக ஆவியாக்கிவிட்டேன் என்கிற மாதிரிப் போகும். சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஒரு பன்னிரண்டு வயசு வாயாடியின் குரல் அப்படியே கேட்கும். இதில் உவமை அலங்காரம் தேடுவது இட்லியில் முந்திரி தேடுகிற கதை.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு தகவல். 18 வருடம் நடத்திய கடையை மூடிவிட்டேன், ஆனால் ஹாரி பாட்டர் மூன்றாம் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும். டெபாசிட் வேண்டாம். பைண்டிங் மட்டும் ஏரிக்கரை வருகிற இடத்தில் விட்டுப்போயிருக்கும், பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்